ஒன்பது மணிக்கு ஆமைக் குஞ்சு வராது

1

இந்தக் கதை முதன்முதலில் ஒரு சத்தியக்கடதாசியாக எழுதப்பட்டது. மொத்தம் ஒன்பது வரி. 2005 தை மாதம், மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலை ஒன்றில் சுனாமி முகாம் நடந்துகொண்டிருந்தபோது, சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நான் எழுதினேன். அதற்குப் பிறகு பதினொரு சிறுகதை எழுதிவிட்டேன். நான்கு அச்சில் வந்தன. ஆனால் வாசித்தவர்கள் நம்பிய, அதுவும் முத்திரை குத்தி நம்பிய ஒரே புனைவு அந்த ஒன்பது வரிதான்.

அதைத் திருத்தி எழுதித் தரும்படி சுலோஜனா அக்கா என்னிடம் கேட்டார். ஒன்றரை வருடம் தட்டிக்கழித்துவிட்டு, இப்போது சத்தியக்கடதாசிக்குப் பதிலாகக் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் சுபாவத்தை முதல் பக்கத்திலேயே தெரிந்துகொள்வது உங்களுக்கு நல்லது.

முதல் தொடக்கம்: "அன்று காலை கடல் அமைதியாக—"

வேண்டாம். சுனாமியைப் பற்றி எழுதுகிறவன் கடல் அமைதியாக இருந்தது என்று ஆரம்பித்தால் எங்கள் ஊரில் ஒருவரும் இரண்டாம் வரிக்குப் போகமாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "முகாமில் ஓர் இளைஞன் இருந்தான். பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன்—"

அவன் இல்லை, நான். 'அவன்' என்று போட்டதும் பேனா தங்குதடையில்லாமல் ஓடியது. அதனாலேயே வெட்டிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் ஆமையிலிருந்து: "முட்டையிடும் காலம் வந்ததும் பெண் ஆமை—" ஆமை முட்டையிடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுலோஜனா அக்கா சொல்லித் தெரிந்தது. ஆகவே அவரிடமே போகிறேன்.

2

அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்துண்டில் வீடு. கணவர் அழகரத்தினம் வாவியில் வலை போட்டுப் பிழைத்தவர். தொண்ணூறாம் ஆண்டு இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. மகன் நிதுர்ஷனுக்கு அப்போது ஒரு வயது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கியதில், அலுவலகம் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன, 'நாளைக்கு வாங்க' என்றால் என்ன என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயதானபோது இயக்கம் வந்து சண்டைக்கென்று கூட்டிக்கொண்டு போனது. 2004 சித்திரையில் இயக்கம் இரண்டாக உடைந்த குழப்பத்தில் பிள்ளைகள் பலரை வீட்டுக்கு விட்டார்கள். இவனும் மெலிந்து, தலை மொட்டையாக வந்து சேர்ந்தான். மார்கழி பிறந்ததும் மறுபடி இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து படலையில் நின்று அவன் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை.

கடல் வந்த அன்று தாயும் மகனும் வாவியில் தோணியில் நின்றார்கள். தண்ணீர் தோணியைத் தூக்கி அக்கரைச் சதுப்பில், கண்ணாமரக் காட்டுக்குள் போட்டது. அங்கே அவர்களைக் கண்டெடுத்தவர் முஹம்மட் காக்கா. அரிசி வியாபாரி, அழகரத்தினத்தின் பழைய கூட்டாளி. பொடியனைத் தன் அரிசிக் களஞ்சியத்தில் படுக்கவைத்துவிட்டுத் தாயை முகாமில் கொண்டுபோய் விட்டார். தனியாக வந்து இறங்கியவரைக் கண்ட ஊர்ச் சனம் கட்டிப்பிடித்து அழுதது. மகனும் போய்விட்டான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டாம் நாள், ஏன் சொல்லவேண்டும் என்று யோசித்தார்.

மூன்றாம் கிழமை, நான் சனத்துக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த வாங்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீங்கதானே பாரம் நிரப்புற?"

"ஓம் அக்கா."

"செத்தவங்களுக்கும் நிரப்புவீங்களா?"

"செத்தவங்களுக்குத்தான் நிரப்புறன்."

குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சாகாதவனுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "கடல் எடுத்திட்டெண்டு எழுதுங்க. கடல்ட்டப் போய் ஒருத்தரும் விசாரிக்க ஏலாது," என்றார்.

எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். (இந்த வசனத்தை மூன்று முறை வெட்டி மூன்று முறை திரும்ப எழுதினேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.)

3

முதலில் எழுதியது இரண்டு வரி. கிராம சேவகர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. "தாய் வாவிக்குள்ள நிண்டிரிக்கா. பதினஞ்சி வயசுப் பொடியன் ஞாயித்துக்கிழமை காலத்தால தனிய கடற்கரையில என்ன செய்தவன்? சாட்சியும் இல்ல, உடம்பும் இல்ல. காரணம் வேணுமே," என்றார்.

நியாயமான கேள்வி. கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பாத்திரத்திடம் கேட்கவேண்டிய கேள்வியும்கூட. பந்தடிக்கப் போனான் என்றால் கூட விளையாடியவர்கள் யார் என்பார்கள். குளிக்கப் போனான் என்றால் மார்கழிக் கடலில் யார் குளிப்பது என்பார்கள். தனியாகப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் உறவுக்காரர் ஹோரேஸ் அங்கிள் என்னை எழுப்பி டச் பார் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணல் கொஞ்சம் உள்வாங்கியது, பிறகு கொதித்தது, பிறகு உள்ளேயிருந்து கறுப்புக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டேன். அந்தக் காலையை நிதுர்ஷனுக்குக் கொடுத்தேன். சத்தியக்கடதாசியின் நடுப்பகுதி இது:

"மேற்படி எனது மகன் நிதுர்ஷன் (வயது 15) கடலாமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குச் செல்வதைப் பார்க்கும் ஆசையுடையவர். 26.12.2004 அன்று காலை அதன் பொருட்டே தனியாகக் கடற்கரைக்குச் சென்றார். ஒன்பது மணியளவில், வழிதவறிய குஞ்சுகளைக் கையில் ஏந்தி நீரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில் கடல் அவரை எடுத்துச் சென்றது."

முத்திரை குத்தவேண்டிய சமாதான நீதவான் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்கப்போவதில்லை. மரணச் சான்றிதழ் வந்து சேர்ந்தது.*

* அதே கிழமை ஹோரேஸ் அங்கிளின் மனைவி தெல்மா அன்ரிக்கும் நான்தான் பாரம் நிரப்பினேன். டச் பாரில் வீட்டோடு போனவர். காரணம் என்ற இடத்தில் 'நீரில் மூழ்கி' என்று இரண்டு சொல் எழுதினேன். உண்மையாகச் செத்தவருக்கு இரண்டு சொல், சாகாதவனுக்கு ஒன்பது வரி.

ஊர்ச் சனம் சேர்ந்து முகாமிலேயே முப்பத்தோராம் நாள் காரியம் செய்தது. சுலோஜனா அக்கா ஒரு பார்சல் கட்டி முஹம்மட் காக்காவிடம் கொடுத்துவிட்டார். நிதுர்ஷன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தன்னுடைய முப்பத்தோராம் நாள் வடையைத் தின்றான். "இன்னும் ரெண்டு வெச்சிரிக்கலாமே," என்று சொன்னானாம். அதைச் சொல்லும்போது அக்கா இப்போதும் சிரிப்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாசி மாதம் முஹம்மட் காக்காவின் லொறியில் புத்தளத்துக்குப் போனான். அங்கே காக்காவின் மச்சான் கடையில் வேலை.

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை தப்பினான், தாய் கெட்டிக்காரி, எழுத்து ஓர் உயிரைக் காத்தது. 2006 இல் எழுதியிருந்தால் நான் அப்படித்தான் முடித்திருப்பேன், உங்களுக்கும் பிடித்திருக்கும்.

அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் வேலையைத் தொடங்கியது. அதில் வேலை பார்த்த சமந்தா எனக்கு உறவு. சுனாமிக் கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாய் சும்மா இருக்காமல் என் ஒன்பது வரியை அவளுக்கு உண்மைபோலச் சொன்னேன். அவள் அழுதாள். 'ஆமையைப் பார்க்கப் போன மகனைப் பறிகொடுத்த தாய்' என்று மேலிடத்துக்கு எழுதி, சுலோஜனா அக்காவுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தாள். அக்காவுக்கோ கடலைக் கண்ணால் காணப் பிடிக்காது. ஆனால் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டார். நான் எழுதிய பாத்திரத்துக்குள் அவர் சம்பளத்துக்குக் குடிபோனார்.

வேலை இதுதான். மாலையில் கரையோரம் நடக்கவேண்டும். இருட்டியபின் நிற்பதற்கு இராணுவத்திடம் வாங்கிய கடிதம் சட்டைப்பையில் இருக்கும். ஆமை ஏறிய தடம் கண்டால் முட்டைக் குழியைத் தேடி, சுற்றிவர வலை அடித்து, நாயும் நண்டும் முட்டை தோண்டுகிறவர்களும் நெருங்காமல் பார்க்கவேண்டும். ஐம்பது நாளளவில் பொரிக்கும். பொரித்த திகதி, நேரம், குஞ்சுகளின் தொகை எல்லாம் ஒரு கொப்பியில் பதியவேண்டும். நீல மட்டைக் கொப்பி. எழுத்துக் கூட்டி எழுதுகிறவர், ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

2008 இல் ஒருநாள், இருட்டி ஒரு மணித்தியாலம் இருக்கும், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில் ஓர் ஆமை பின்னங்காலால் மணலை அள்ளி அள்ளி வீசியது. குழி போதிய ஆழம் வந்ததும் அசையாமல் நின்றது. முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. அதன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"அழுகுது," என்றேன். உடனே மனதுக்குள் ஒரு கதையும் தொடங்கியது.

"அது அழுறல்ல தம்பி. உடம்பில உள்ள உப்ப வெளியில விடுதாம். சமந்தா மிஸ் படிப்பிச்சவ."

"எண்டாலும் தாய்தானே அக்கா."

"தாய்தான். மூடிப்போட்டு இப்ப போயிரும். குஞ்சு வந்ததா வரல்லயா எண்டு கிறுகியும் பாக்காது." கொப்பியைத் திறந்து நேரம் எழுதினார். "குடுத்துவெச்சது."

அந்தக் காலத்தில் அவர் சந்தோசமாக இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். கிழமைக்கு ஒருமுறை முஹம்மட் காக்காவின் கடைக்குப் போய்த் தொலைபேசியில் மகனோடு பேசுவார். பெயர் சொல்லமாட்டார், "மனெ" என்று மட்டும் கூப்பிடுவார். ஒவ்வொரு மார்கழியும் ஊரோடு சேர்ந்து நினைவுத் தூபியில் மகனின் பெயருக்கு விளக்கு ஏற்றுவார். ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, பிழை பொறுக்கச் சொல்லி மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்வார்.

5

நான் யோசிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. கதையில் ஓட்டை என்று இதைத்தான் சொல்வார்கள்.

செத்தவனுக்கு அடையாள அட்டை கிடையாது.

பதினாறு வயதில் எடுக்கவேண்டியது. பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து விண்ணப்பித்தால் கிராம சேவகரிடம் போகும், அவரிடம் என் ஒன்பது வரி இருக்கிறது. அதனால் நிதுர்ஷன் அட்டையில்லாமலேயே வளர்ந்தான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. கடையின் பின்பக்கத்தில் படுக்கை, வெளியே போனால் கடைக்காரப் பிள்ளைகளோடு போவான். அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பொடியன் அடையாள அட்டை இல்லாமல் றோட்டில் நிற்பது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2009 சித்திரை. வடக்கில் யுத்தம் முடியும் தறுவாய். வருடப் பிறப்புக்குத் தாயைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினான். நாலு வருடத்தில் ஒருமுறையும் வீட்டுக்கு வராதவன். நடுவழியில் ஒரு சோதனைச் சாவடியில்—

(இந்தக் காட்சியை எழுதமாட்டேன். நான் பார்க்கவில்லை. அவன் எந்தச் சேட்டு போட்டிருந்தான், கையில் என்ன வைத்திருந்தான் என்றெல்லாம் என்னால் அழகாகச் சோடிக்க முடியும். ஒருமுறை நீல நிறக் காற்சட்டை போட்டுவிட்டிருக்கிறேன், ஒன்பது வரியில் எட்டாம் வரியில். போதும்.)

பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள் என்பது மட்டும் தெரியும். அதே பஸ்ஸில் வந்த ஒருவர் முஹம்மட் காக்காவுக்குச் சொன்னார். காக்கா சுலோஜனா அக்காவின் படலையில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "தங்கச்சி," என்று கூப்பிட்டதோடு சரி.

அக்கா முறைப்பாடு கொடுக்கப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெயரைப் பதிந்தார், பிறந்த திகதியைப் பதிந்தார், பதிவேட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"அம்மா, இவர் சுனாமியில செத்திட்டாரே."

"இல்ல ஐயா."

"உங்கட கையொப்பந்தானே இது? செத்த ஒராள நான் எப்பிடியம்மா காணாமப்போன ஆளாப் பதியிற?"

கடலிடம் போய் விசாரிக்க முடியாது என்று அவர்தான் சொன்னார். அது எங்களையும் விசாரிக்கவிடாது என்று இருவருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

6

வைகாசியில் யுத்தம் முடிந்தது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள், கொடி ஏற்றச் சொன்னார்கள். அந்தக் கிழமையே அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் நீலக் கொப்பி.

"தம்பி, நீங்க எழுதினதில ஒரு பிழ இரிக்கி. ஒம்பது மணிக்கு ஆமைக் குஞ்சு வராது."

விளங்காமல் பார்த்தேன்.

"நான் மூணு வருசமாப் பாக்கன். நாப்பத்தெட்டுக் குழி. எல்லாம் ராவையில வந்தது, இல்லாட்டி விடியக்கு முன்ன. வெயில் ஏறினா மணல் சுடும், குஞ்சு கருகிப்போயிரும். அதுக்குத் தெரியும். அதால உள்ளுக்கே இரிக்கும். இஞ்ச பாருங்க, நேரமெல்லாம் எழுதிரிக்கன். ஒம்பது மணிக்கு ஒண்டும் வராதெண்டா என்ட புள்ள அதப் பாக்கப் போயிரிக்க ஏலாதுதானே? போகல்லயெண்டா சாகல்லதானே?"

ஹோரேஸ் அங்கிள் என்னை எழுப்பியது விடிய ஐந்து மணிக்கு. அலை வந்தது ஒன்பதுக்கு என்பதால் நான்தான் நேரத்தை நகர்த்தினேன். அந்த நாலு மணித்தியாலத்தை இந்த மனுசி மணலில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்.

"நீங்க எழுதினத நீங்களே பொய்யெண்டு எழுதித் தாங்க. கொப்பியும் இரிக்கி, நீங்களும் இரிக்கீங்க," என்றார்.

அப்போது எனக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. அரசாங்க வேலை. பொய்ச் சத்தியம் எழுதிக் கொடுத்ததாக ஒத்துக்கொண்டால் வேலை போகும், வழக்கும் வரலாம். அவன் இயக்கத்தில் இருந்தவன் என்பதும் வெளியே வரும். உள்ளே எங்கேயாவது உயிரோடு இருந்தால் அது அவனுக்கே ஆபத்தாகலாம். இந்தக் கடைசிக் காரணம் உண்மையானது. ஆனால் அதை நான் கடைசியாகத்தான் யோசித்தேன்.

"பார்ப்பம் அக்கா," என்றேன். எங்கள் பக்கத்தில் 'பார்ப்பம்' என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒரு விசாரணைக் குழு வந்தது. காணாமற்போனவர்களின் குடும்பங்கள் நேரில் சொல்லலாம் என்றார்கள். நானும் வருவதாகச் சொன்னேன். இனி இரண்டு முடிவு தருகிறேன்.

முதல் முடிவு: அவர் பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்து போனேன். "இந்தக் கடதாசியை எழுதியது நான்தான்" என்று சொன்னேன். மண்டபம் அமைதியாகியது. தலைவர் என்னை நிமிர்ந்து—

இரண்டாம் முடிவு: போகும் வழியில் பஸ் பழுதாகி நின்றது. ஓடி ஓடி வந்து சேரும்போது—

இரண்டும் பொய். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சலும் பொய்.

அவர் தனியாகப் போனார். காலை எட்டுக்குப் போனவரைப் பின்னேரம் நாலுக்குக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். 'மகன் சாகவில்லை' என்றார். அத்தாட்சி கேட்டார்கள். நீலக் கொப்பியைக் கொடுத்தார். ஒருவர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

"அம்மா, இது ஆமைக் கொப்பி."

"ஓம் ஐயா. நேரத்தப் பாருங்க."

அவர்கள் நேரத்தைப் பார்க்கவில்லை. "இந்தச் சத்தியக்கடதாசிய எழுதித் தந்தது ஆர்?" என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்னதைப் பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார்.

"முகாமில ஒரு பொடியன். மறுகா அவனக் காணல்ல ஐயா. அவனும் காணாமப்போயிற்றான்."

என் வீடு அந்த மண்டபத்திலிருந்து இருபது நிமிட நடை. கட்டிலில் படுத்திருந்தேன்.

7

2011 தையில் பெருமழை. உன்னிச்சைக் குளம் நிரம்பி வான் பாய்ந்து, வயல்வட்டையெல்லாம் விளைந்த நெல்லோடு தண்ணீருக்குள் போனது. வந்தாறுமூலைக்குப் பாதை இல்லை, வேலையும் இல்லை. ஒருநாள் காலையில் மழை விட்ட நேரம் பார்த்து அவரைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது எண்ணம். என்ன வசனம் சொல்வது என்று வழியெல்லாம் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன்.

அவர் ஒரு வலைக் கூட்டுக்குப் பக்கத்தில் பொலித்தீன் விரித்து உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வானம் கறுத்து, சூரியன் இருந்த திசையே தெரியவில்லை. நான் என் வசனத்தைத் தொடங்கினேன். "அக்கா, அண்டைக்கு நான்—"

மணல் உள்வாங்கியது.

இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு தலை வந்தது, பிறகு ஒரு துடுப்புக் கை, பிறகு பத்து, இருபது. நனைந்த மணலில் கோடு கோடாக இழுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போயின. அவர் பழக்கத்தில் கொப்பியைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

எட்டு ஐம்பது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிக் குஞ்சு நுரையில் மறையும்வரை பேனா கொப்பிக்குமேல் அப்படியே நின்றது.

"மழைக்கி மணல் குளுந்திரிக்கி," என்றார். "அதான் வந்திரிக்கி. அண்டைக்கு வெயில். தம்பி, அண்டைக்கு நல்ல வெயில்தானே?"

"ஓம் அக்கா. நல்ல வெயில்."

"மார்கழி எண்டாலும் அண்டைக்கு வெயில்தான். எனக்கு நல்ல ஞாபகம்."

"ஓம் அக்கா."

பேனாவை மூடினார். கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. ஐந்து வருடத்தில் அவர் எழுதாமல் விட்ட குழி அது ஒன்றுதான். பிறகு வலையைப் பிடுங்கத் தொடங்கினார், நானும் தடிகளைப் பிடுங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த இடத்தில் என்னால் முடியவில்லை.

8

அன்று இரவு வீட்டுக்கு வந்து இந்தக் கதையைத் தொடங்கினேன். சத்தியக்கடதாசிக்குக் கையொப்பம் வேண்டும், கதைக்கு வேண்டாம். மேலே 'கதை' என்று போட்டுவிட்டால் எவரும் என்னைப் பிடிக்க முடியாது. என்றாலும் நடந்தது எல்லாம் உள்ளே இருக்கும். தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் நினைத்தது இதுதான், சாமர்த்தியம் என்றும் நினைத்தேன்.

நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். வடை வந்த இடத்தில் சிரித்தார். எட்டு ஐம்பது வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். வாசித்து முடித்தேன்.

"நல்லாரிக்கி தம்பி. எல்லாம் நடந்தபடியே இரிக்கி," என்றார். பிறகு, "ஆரு இந்த நிதுர்ஷன்?" என்று கேட்டார்.

"அது கதைக்கு வெச்ச பேர் அக்கா. ஒரு பாதுகாப்புக்கு."

"ஆருக்கு?"

நான் தாள்களை அடுக்கினேன்.

"என்ட பேர மாத்தினீங்க, அது பறவாயில்ல. உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்ல, அதும் பறவாயில்ல. ஆனா தம்பி, அண்டைக்குப் பொய் எழுதக்குள்ள என்ட புள்ளட சொந்தப் பேர எழுதினீங்க. முழுப் பேரும், தகப்பன்ட பேரும், பிறந்த திகதியும். இப்ப உண்மைய எழுதக்குள்ள வேற ஆருடயோ பேர எழுதிரிக்கீங்க. இதக் கொண்டுபோய் நான் ஆருக்குக் காட்டுற?"

கோபமாகச் சொல்லவில்லை. கொப்பியில் ஒரு திகதி பிழைத்துவிட்டால் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். அந்தப் பெயர் வரும் இடங்களையெல்லாம் வெட்டி மகனின் பெயரை எழுதச் சொன்னார். கடைசியில் என் பெயரை எழுதி ஒப்பம் வைக்கச் சொன்னார்.

"வீட்ட கொண்டுபோய் ஆறுதலா மாத்தி எழுதிக்கொண்டு வாறன் அக்கா," என்றேன்.

"ஓம்," என்றார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

முடிவை நான் எழுதவில்லை. ஒருமுறை அந்தப் பிள்ளைக்கு முடிவு எழுதிவிட்டேன். இந்தப் பிரதி திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, மாற்றுவதற்கு அதுவரை நேரம் இருக்கிறது. உங்கள் கைக்கு வந்த பிரதியைப் பின்னால் புரட்டிப் பாருங்கள். அவன் பெயர் வரும் இடங்களில் நிதுர்ஷன் என்றே இருந்தால், நான் மாற்றவில்லை.